மங்கிய படத்திலிருந்து எவ்வளவு மீட்கலாம்?

2007 அக்டோபரில் இன்டர்போல் ஒரு மனிதரின் முகத்தை உலகம் முழுக்க வெளியிட்டது. குழந்தைகளுக்கு எதிரான கொடுங்குற்றங்களுக்காகத் தேடப்பட்டவர் அவர். இணையத்தில் கிடைத்த படங்களில் அவருடைய முகம் மட்டும் சுழல்போல முறுக்கி மறைக்கப்பட்டிருந்தது. ஜெர்மனியின் மத்தியக் குற்றப் புலனாய்வுத் துறை வல்லுநர்கள் அந்த முறுக்கை எதிர்த்திசையில் பிரித்து முகத்தை வெளிக்கொண்டுவந்தார்கள். படம் வெளியான சில நாட்களிலேயே அவர் தாய்லாந்தில் பிடிபட்டார்.

இதைக் கேள்விப்பட்ட பலருக்கும் ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. முறுக்கிய முகத்தையே மீட்க முடிந்தால், சிசிடிவியில் மங்கலாக விழுந்த முகத்தை மீட்க முடியாதா என்று கேட்கிறார்கள். இரண்டும் ஒரே மாதிரியான சேதம் இல்லை. முறுக்கும்போது பிக்சல்கள் பெரும்பாலும் இடம்தான் மாறுகின்றன. எது எங்கே போனது என்று தெரிந்தால் திரும்பக் கொண்டுவரலாம். மங்கும்போதோ பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் ஒளி ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. கலந்ததைப் பிரிக்கும் மென்பொருள் உத்திகளைத்தான் டீகன்வல்யூஷன் என்கிறார்கள். அவை உண்மையிலேயே வியக்கத்தக்க வேலைகளைச் செய்கின்றன. ஆனால் மீட்ட படத்தில் தெரியும் ஒவ்வொரு நுணுக்கமும் கேமராவுக்குள் வந்த ஒளியிலிருந்து வந்ததா, மென்பொருளின் ஊகத்திலிருந்து வந்ததா என்ற கேள்வியை விட்டுவிட்டு இந்தத் துறையைப் புரிந்துகொள்ள முடியாது.

லென்ஸ் சரியாக ஃபோகஸ் ஆகாதபோது, வெளியே இருக்கும் ஒரு சிறு ஒளிப்புள்ளி சென்சாரில் புள்ளியாக விழாமல் வட்டத் தட்டாகப் பரவுகிறது. கை ஆடினால் அதே புள்ளி நெளிந்த கோடாக இழுபடுகிறது. ஃபோகஸும் சரி, கையும் ஆடவில்லை என்றால்கூட, ஒளி அலையாக இருப்பதால் புள்ளி ஒரு சிறு வட்டமும் அதைச் சுற்றி மெல்லிய வளையங்களுமாகத்தான் விழும். ஒரு புள்ளி எப்படிப் பரவுகிறது என்பதைச் சொல்லும் இந்த வடிவத்துக்குப் புள்ளிப் பரவல் சார்பு என்று பெயர். இங்கே சுருக்கமாகப் பரவல் வடிவம் என்று வைத்துக்கொள்வோம். படத்தின் எல்லாப் புள்ளிகளும் இதே வடிவில் பரவி, அந்தப் பரவல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கூடினால் மங்கலான படம் கிடைக்கிறது. இந்தக் கூட்டலைக் கணிதத்தில் கன்வல்யூஷன் என்பார்கள்.

இதே விஷயத்தை ஃபூரியே மாற்றத்தின் வழியாகப் பார்த்தால் கணக்கு மிக எளிதாகிவிடும். படத்தை வெவ்வேறு நெருக்கமுள்ள அலைகளின் கூட்டாகப் பிரிக்கிறோம். மெதுவாக மாறும் ஒளியும் நிழலும் குறைந்த அதிர்வெண். கூரிய விளிம்புகளும் நுண்ணிய இழைகளும் அதிக அதிர்வெண். இப்படிப் பிரித்த பிறகு, மங்கல் என்பது ஒவ்வோர் அதிர்வெண்ணையும் ஓர் எண்ணால் பெருக்குவது மட்டுமே. அப்படியென்றால் அதே எண்ணால் வகுத்துவிட்டால் பழைய படம் வந்துவிடுமே?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு வரிசையில் பிக்சல் மதிப்புகள் 10, 0, 10, 0 என்று மாறி மாறிப் போகின்றன. ஒவ்வொரு பிக்சலையும் அதன் வலப்பக்கத்துப் பிக்சலோடு சேர்த்துச் சராசரி எடுப்பதுதான் நம்முடைய மங்கல் என்று வையுங்கள். விடை 5, 5, 5, 5. இப்போது 0, 10, 0, 10 என்று தொடங்கிப் பாருங்கள், அதே 5, 5, 5, 5. 8, 2, 8, 2 என்று தொடங்கினாலும், முதலிலேயே எல்லாம் 5 ஆக இருந்தாலும் விடை மாறாது. கையில் 5, 5, 5, 5 மட்டும் இருக்கும்போது, முதலில் இருந்தது இவற்றில் எது என்று எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது. அந்த அதிர்வெண் பூஜ்யத்தால் பெருக்கப்பட்டுவிட்டது. பூஜ்யத்தால் வகுக்க வழியில்லை. நேர்கோட்டில் சீராக நகர்ந்த கேமராவின் மங்கலிலும் ஃபோகஸ் தவறிய வட்டத் தட்டிலும் இப்படிப்பட்ட பூஜ்யங்கள் உண்டு.

பூஜ்யமாகாமல் மிகச் சிறியதாகிவிட்ட அதிர்வெண்கள் தரும் தொல்லை இதைவிட அதிகம். ஓர் அதிர்வெண் நூறில் ஒரு பங்காகக் குறைந்திருந்தால், அதை மீட்க நூறால் பெருக்க வேண்டும். அதோடு சேர்ந்து இரைச்சலும் நூறு மடங்காகிவிடும். இரைச்சல் இல்லாத படம் என்று ஒன்று இல்லை. ஒளித்துகள்கள் சென்சாருக்கு வந்து சேர்வதே ஒழுங்கற்ற ஒரு நிகழ்வு. மின்சுற்று தன் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கிறது. படத்தை 256 படிகளுக்குள் அடக்கும்போது வரும் பின்னத் துண்டிப்புகூட ஒரு பிழைதான். கணக்குப்படி மிகச் சரியான தலைகீழ் வடிகட்டி நடைமுறையில் படம் முழுக்கப் புள்ளிப் புயலைத் தருவது இதனால்தான். தரவில் ஏற்படும் சிறு மாற்றம் விடையில் பெரிய மாற்றத்தை உண்டாக்கினால் அந்தக் கணக்கு நல்ல அமைப்புள்ள கணக்கு ஆகாது என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் ழாக் அடமார் வரையறுத்தார். படங்களை மீட்பது அந்த இலக்கணப்படி பார்த்தால் முரட்டுக் கணக்கு.

இந்த முரட்டுத்தனத்தை அடக்க முதலில் வந்த நல்ல கருவி அமெரிக்கக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனருடையது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பறக்கும் விமானம் அடுத்து எங்கே இருக்கும் என்று இரைச்சல் நிறைந்த அளவீடுகளிலிருந்து கணிக்க வேண்டியிருந்தது. அதற்காக அவர் உருவாக்கிய கோட்பாடு 1949ல் பொதுவெளியில் நூலாக வந்தது. வீனர் வடிகட்டி ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் ஒரே கேள்வியைக் கேட்கிறது: இங்கே சமிக்ஞை பலமா, இரைச்சல் பலமா? எண்களில் சொன்னால், ஓர் அதிர்வெண் பாதியாகக் குறைந்திருக்கிறது, இரைச்சலின் திறன் சமிக்ஞையின் திறனில் நூறில் ஒரு பங்கு என்றால், நேரடியாக வகுப்பது 2 மடங்கு பெருக்கும், வீனர் 1.92 மடங்கு பெருக்கும். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நூறில் ஒரு பங்காகக் குறைந்த அதிர்வெண்ணில், நேரடி வகுத்தல் 100 மடங்கு பெருக்கும்போது வீனர் ஏறத்தாழ 1 மடங்கோடு நிறுத்திக்கொள்கிறது. அதாவது அந்த அதிர்வெண்ணை மீட்கும் முயற்சியையே கைவிடுகிறது. எங்கே கைவிட வேண்டும் என்று தெரிந்து கைவிடுவதுதான் இந்த வடிகட்டியின் அறிவு என்று நான் நினைக்கிறேன்.

இதே கணிதம் படங்களுக்கு வருவதற்கு முன்பே பூமிக்கடியில் வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1950களில் எம்ஐடியில் எண்டர்ஸ் ராபின்சனும் மற்றவர்களும், எண்ணெய் தேடும்போது பாறை அடுக்குகளிலிருந்து எதிரொலித்து வரும் நில அதிர்வுப் பதிவுகளைப் பிரிக்க டீகன்வல்யூஷனைப் பயன்படுத்தினார்கள்.

படங்களின் உலகில் இன்றும் அதிகம் புழங்கும் முறை ரிச்சர்ட்சன்–லூசி. வில்லியம் ரிச்சர்ட்சன் 1972லும் லியோன் லூசி 1974லும் தனித்தனியாக இதை எழுதினார்கள். வேலை நடக்கும் விதம் எளிது. முதலில் ஓர் ஊகப் படம் வேண்டும். எங்கும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தாலும் போதும். அதைத் தெரிந்த பரவல் வடிவத்தால் வேண்டுமென்றே மங்கலாக்க வேண்டும். உண்மையில் எடுத்த படத்தை, அப்படி வந்த படத்தால் பிக்சலுக்குப் பிக்சல் வகுத்து விகிதம் எடுக்க வேண்டும். அந்த விகிதங்களைத் தலைகீழாகத் திருப்பிய அதே வடிவத்தால் பரப்பி, ஊகப் படத்தோடு பெருக்கினால் ஒரு சுற்று முடிந்தது. அப்புறம் மறுபடி முதலிலிருந்து. சுற்றுக்குச் சுற்று ஊகம் திருந்துகிறது. பெருக்கல் வழியாகவே போவதால் எந்தப் பிக்சலும் எதிர்மறை மதிப்புக்குப் போகாது. மொத்த ஒளியின் அளவும் கெடாது. ஒளித்துகள்களை எண்ணும் சென்சாரின் இரைச்சலுக்கு இந்தச் சூத்திரம் இயல்பாகவே பொருந்துகிறது.

இதற்கு நேர்ந்த பெரிய சோதனை ஹபிள் தொலைநோக்கி. 1990 ஏப்ரலில் விண்ணுக்குப் போன அந்தத் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் கண்ணாடி, மிகத் துல்லியமாக ஒரு தவறான வடிவத்துக்குத் தேய்க்கப்பட்டிருந்தது. விளிம்பு இருக்க வேண்டியதைவிடச் சுமார் 2.2 மைக்ரோமீட்டர் தட்டையாக இருந்தது. கண்ணாடியைச் சோதித்த கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டதுதான் காரணம். ஒரு நட்சத்திரத்தின் ஒளியில் சுமார் 70 சதவீதம் விழ வேண்டிய சிறு வட்டத்துக்குள் 10 முதல் 15 சதவீதம்தான் விழுந்தது. மிச்சமெல்லாம் சுற்றிலும் ஒளிவட்டமாகச் சிதறியது.

டீகன்வல்யூஷனுக்கு இதைவிடச் சாதகமான சேதம் கிடைப்பது அரிது. நடுவில் காற்று மண்டலம் இல்லை, அதனால் மங்கல் நொடிக்கு நொடி மாறவில்லை. பிழையின் அளவு துல்லியமாகத் தெரிந்தது. வானத்தில் எங்கு பார்த்தாலும் நட்சத்திரங்கள், ஒவ்வொன்றும் இயற்கையே வைத்த ஒளிப்புள்ளி, பரவல் வடிவத்தை நேரடியாக அளந்துகொள்ளலாம். ரிச்சர்ட்சன்–லூசியும் அதன் உறவுக்கார முறைகளும் அந்த ஆண்டுகளில் வானியலில் வேகமாகப் பரவின. கோள்களின் படங்களும் நெருக்கமான நட்சத்திரக் கூட்டங்களும் நன்றாகவே தெளிந்தன.

ஆனாலும் 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் நேரில் போய்த் திருத்தும் ஒளியியல் கருவிகளையும் புதிய கேமராவையும் பொருத்த வேண்டியிருந்தது. பிரகாசமான பொருட்களின் வடிவத்தை மென்பொருள் மீட்டது, உண்மைதான். மிக மங்கலான விண்மீன் மண்டலங்களின் ஒளியோ பரந்து சிதறி, வானப் பின்னணியின் இரைச்சலுக்குக் கீழே போய்விட்டது. அதை எந்தச் சுற்றும் திரும்பக் கொண்டுவராது. இன்னொரு சிக்கலும் இருந்தது. இந்த முறையில் பிரகாசமான நட்சத்திரமும் மங்கலான நட்சத்திரமும் ஒரே அளவு திருந்துவதில்லை. பார்வைக்கு அழகாகத் தெரியும் படத்தில் ஒளியின் அளவை எண்ணாக எடுத்தால், அந்த எண் சாய்ந்திருக்கலாம். சுற்றுகளைக் கூட்டிக்கொண்டே போனால் இரைச்சலே நட்சத்திரமாகத் திரளத் தொடங்கும். வழவழப்பான ஒளிமேகம் பொட்டுப் பொட்டாக உடையும், பிரகாசமான புள்ளிகளைச் சுற்றிக் கருவளையம் விழும். எந்தச் சுற்றில் நிறுத்துவது என்பது இன்றும் பயன்படுத்துபவரின் கையில் இருக்கும் முடிவுதான். அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. நிறுத்தும் இடம்தான் இங்கே இரைச்சலுக்குப் போடும் கடிவாளம்.

பரவல் வடிவம் தெரிந்திருப்பதுதான் இதில் பாதிக்கு மேற்பட்ட வெற்றி. 1980களின் தொடக்கத்தில் டேவிட் அகார்டும் ஜான் செடாட்டும் ஒளிரும் சாயமிட்ட உயிரணுக்களின் நுண்ணோக்கிப் படங்களில் டீகன்வல்யூஷனைக் கொண்டுவந்தார்கள். அங்கே ஒரு தளத்தைப் படமெடுத்தால் மேலும் கீழும் உள்ள தளங்களின் ஒளியும் புகுந்துவிடும், அதனால் பரவல் வடிவமே முப்பரிமாணமானது. அதை அளக்க, நுண்ணோக்கியால் பிரித்தறிய முடியாத அளவுக்குச் சிறிய ஒளிரும் மணிகளைப் படமெடுக்கிறார்கள். அப்படி அளந்தும் மாதிரியின் ஆழம் கூடக்கூட வடிவம் மாறும். ஒரே வடிவம் படம் முழுக்கப் பொருந்தும் என்பது எப்போதுமே ஒரு சமரசம்தான்.

வடிவமே தெரியாதபோது? கை ஆடிய ஒரு சாதாரணப் புகைப்படத்தில் மங்கலும் தெரியாது, அசலும் தெரியாது. இரண்டையும் ஒரே படத்திலிருந்து கண்டுபிடிப்பதைக் குருட்டு டீகன்வல்யூஷன் என்கிறார்கள். 2006ல் ராப் ஃபெர்கஸும் அவருடைய குழுவினரும் ஒற்றைப் படத்திலிருந்தே கை நடுக்கத்தின் பாதையைக் கணித்து நீக்கிக் காட்டியபோது அது பெரிய கவனம் பெற்றது. இதில் ஒரு பொறி இருக்கிறது. தரவோடு கச்சிதமாகப் பொருந்தும் விடை ஒன்று எப்போதுமே தயாராக உண்டு: கேமரா ஆடவே இல்லை, வெளியே இருந்த காட்சியே மங்கலானது. இதற்கு எதிராக மென்பொருளிடம் இருக்கும் ஒரே ஆயுதம், இயற்கையான காட்சிகள் எப்படி இருக்கும் என்ற முன்னறிவு. உண்மையான காட்சிகளில் பெரும்பாலான இடம் சமமாக இருக்கும், அங்கங்கே மட்டும் கூரிய விளிம்புகள் வரும். 1992ல் ருடின், ஓஷர், ஃபதேமி மூவரும் கொண்டுவந்த மொத்த மாறுபாட்டு முறையின் அடிப்படையும் இதுதான். ஆனால் 2009ல் அனத் லெவினும் சகாக்களும் காட்டியபடி, படத்தையும் மங்கலையும் ஒரே நேரத்தில் மிகச் சாத்தியமான ஜோடியாகத் தேடினால் மென்பொருள் பெரும்பாலும் 'ஆடவே இல்லை' என்ற விடையில்தான் போய் விழுகிறது. சாத்தியமான படங்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு மங்கலை மட்டும் முதலில் கணிப்பதுதான் பலன் தருகிறது. பரவல் வடிவத்தின் பிக்சல்கள் படத்தின் பிக்சல்களைவிட மிகக் குறைவு, அதனால் அது கைக்கு அடங்கும் கணக்கு.

எனக்கு மிகவும் பிடித்த உத்தி வேறொன்று. நகர்வால் வரும் மங்கலில் மேலே பார்த்த பூஜ்யங்கள் ஏன் வருகின்றன? ஷட்டர் தொடர்ந்து திறந்திருப்பதால். அப்படியானால் ஒரே எக்ஸ்போஷருக்குள் ஷட்டரை ஒழுங்கற்ற தாளத்தில் திறந்து மூடினால்? 2006ல் ரமேஷ் ரஸ்கரும் அமித் அகர்வாலும் ஜாக் டம்ப்ளினும் அப்படியே செய்தார்கள். ஒளி பாதியாகக் குறைகிறது, ஆனால் எந்த அதிர்வெண்ணும் முற்றாக அழிவதில்லை. ஓடும் வண்டியின் மங்கல் பிரித்தெடுக்கக்கூடிய மங்கலாகவே பதிவாகிறது. இழந்ததை மீட்க மென்பொருளைப் பிழிவதற்குப் பதில், இழக்காதபடி படமெடுக்கிறார்கள்.

இப்போது சொந்தக் கணினியில் முயன்று பார்க்க விரும்புபவர்களுக்குச் சில விஷயங்கள். வானியல் படங்களுக்குப் பிக்ஸ்இன்சைட், சிரில், கேமராவின் பதப்படுத்தாத ரா கோப்புகளுக்கு ராதெரபி, நுண்ணோக்கிக்கு இமேஜ்ஜேயில் சேரும் டீகன்வல்யூஷன்லேப்2, நிரல் எழுதுபவர்களுக்குப் பைத்தானின் சைகிட்-இமேஜ் என்று பல கருவிகள் இருக்கின்றன. எதை எடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான்: ஒளியின் கலப்பு சென்சாரில் நேர்விகிதத்தில் நடக்கிறது. திரைக்காகத் தயாரித்த படத்திலோ மதிப்புகள் வளைக்கப்பட்டிருக்கும். 255க்கு 128 என்று பதிவான பிக்சல் பாதி ஒளி இல்லை, சுமார் 22 சதவீத ஒளிதான். அந்த எண்களின் மேல் நேரடியாக டீகன்வல்யூஷன் செய்தால் விளிம்புகளில் வளைய வளையமாக அலைகள் தெரியும். நிரம்பி வழிந்து வெள்ளையாகிவிட்ட பகுதிகளும் கணக்கைக் கெடுக்கும், ஏனென்றால் அங்கே எவ்வளவு ஒளி விழுந்தது என்பதே பதிவாகவில்லை. ஜேபெக் இன்னும் மோசம். அது தூக்கி எறிவது அதிக அதிர்வெண்களைத்தான், டீகன்வல்யூஷன் பெருக்கப் பார்ப்பதும் அவற்றைத்தான். ஜேபெக் படத்தைப் பிரித்துச் சுருக்கும் 8க்கு 8 பிக்சல் கட்டங்களின் விளிம்புகள் வலைபோல எழுந்து வரும். படத் தொகுப்பு மென்பொருள்களில் இருக்கும் அன்ஷார்ப் மாஸ்க்கையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது விளிம்பின் இருபுறமும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் கண்ணுக்குக் கூர்மையாகக் காட்டுகிறது, கலந்த ஒளியைப் பிரிப்பதில்லை.

கடந்த சில ஆண்டுகளில் முன்னறிவை மனிதர்கள் எழுதுவதற்குப் பதில் நியூரல் நெட்வொர்க்குகள் லட்சக்கணக்கான படங்களிலிருந்து கற்றுக்கொள்கின்றன. முடிவுகள் பழைய முறைகளைவிடப் பார்வைக்கு வெகு தெளிவு. கவலையும் அங்கேயே தொடங்குகிறது. 2020ல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் பல்ஸ் என்ற மென்பொருள், மிகச் சிறிய முகப்படத்தைப் பெரிய தெளிவான முகமாக மாற்றியது. பராக் ஒபாமாவின் சிறு படத்தைக் கொடுத்தபோது அது ஒரு வெள்ளையரின் முகத்தைத் தந்தது. மென்பொருள் தன் கணக்கில் தவறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த முகத்தை மீண்டும் சிறிதாக்கினால் கொடுத்த படத்தோடு ஒத்துப்போகும், அதைத் தேடுவதுதான் அதன் வேலை. 5, 5, 5, 5க்கு 8, 2, 8, 2 என்று பதில் சொன்னது மாதிரிதான் இதுவும். சாத்தியமான விடைகளில் ஒன்றை, தான் பயின்ற முகங்களின் சாய்வின்படி தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. இரைச்சலைப் பெருக்கிய பழைய முறைகள் தோற்றபோது தோற்றது கண்ணுக்குத் தெரிந்தது. புதிய முறைகள் தவறும்போது விடை நம்பும்படி அழகாக இருக்கிறது. மருத்துவப் படங்களிலும் குற்ற விசாரணையிலும் இது சாதாரண ஆபத்து இல்லை.

இதை எப்படிக் கையாள்வது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல முன்மாதிரி, 2019 ஏப்ரல் 10 அன்று வெளியான, எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் படம். ஈவென்ட் ஹொரைசன் டெலஸ்கோப் உலகெங்கும் சிதறிக் கிடக்கும் சில ரேடியோ தொலைநோக்கிகளின் கூட்டமைப்பு. அதனால் தேவையான அதிர்வெண்களில் ஒரு பகுதியை மட்டுமே அளக்க முடிந்தது, மிச்சத்தை முன்னறிவால் நிரப்பியாக வேண்டும். நான்கு குழுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல் தனித்தனியாகப் படத்தை உருவாக்கின. சிலர் 1974ல் யான் ஹோக்பம் எழுதிய கிளீன் முறையைப் பயன்படுத்தினார்கள், மற்றவர்கள் புதிய முறைகளை. நான்கிலும் வளையம் வந்தது. அதோடு விடவில்லை. நடுவில் துளையே இல்லாத தட்டு மாதிரியான போலித் தரவுகளையும் செய்து அதே மென்பொருள்களுக்குக் கொடுத்தார்கள். தட்டைக் கொடுத்தால் தட்டு வர வேண்டும். அங்கேயும் வளையம் வந்தால், வளையம் வானத்தில் இல்லை, மென்பொருளில் இருக்கிறது என்று பொருள்.

வீட்டில் ஒரு படத்தை மீட்கும்போது இவ்வளவு செய்ய முடியாது. ஆனால் எல்லோராலும் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. மீட்ட படத்தை மறுபடி அதே பரவல் வடிவத்தால் மங்கலாக்கி, எடுத்த படத்திலிருந்து கழித்துப் பாருங்கள். மிச்சம் வெறும் இரைச்சலாகத் தெரிய வேண்டும். அதில் விளிம்புகளோ உருவங்களோ தெரிந்தால் பரவல் வடிவம் தவறு, அல்லது சுற்றுகள் போதவில்லை. இந்தச் சோதனையில் தேறியதாலேயே விடை சரி என்று ஆகிவிடாது, பல்ஸும் இதில் தேறும். தேறாத படத்தை நம்பவே கூடாது என்பது மட்டும் உறுதி.

மங்கிப்போன வாகன எண் பலகை மாதிரியான விஷயங்களில் திருப்பிச் செய்வதையே விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது பெரும்பாலும் மேல். பலகையில் வரக்கூடிய எழுத்துகளும் எண்களும் குறைவு, எழுத்துருவும் தெரிந்தது. சாத்தியமான ஒவ்வொரு சேர்க்கையையும் வரைந்து, அதே கோணத்திலும் அதே மங்கலிலும் சிறிதாக்கி, கேமராவில் பதிவானதோடு ஒப்பிடலாம். பொருந்தாதவை கழிந்துபோகும். 8ஆ, Bஆ என்ற சந்தேகம் அப்படியே நிற்கலாம், 1 இல்லை என்பது உறுதியாகிவிடலாம். தெளிவான ஒரு படத்துக்குப் பதிலாகச் சில சேர்க்கைகளின் பட்டியல் கிடைக்கிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு பொருந்துகிறது என்ற எண்ணோடு. விசாரணை அதிகாரிக்கு அந்தப் பட்டியல்தான் பயன்படும். வண்டியின் நிறம், மாடல் என்று மற்ற ஆதாரங்களோடு ஒப்பிட்டு அதை மேலும் சுருக்க அவரால் முடியும்.